பட்டாணியில் முதல் கலப்பு: இலையைப் பார்த்தே மரபைப் படிக்கலாம்

பட்டாணி என்றதும் மெண்டலும் அவருடைய உருண்டை விதையும் சுருங்கிய விதையும்தான் நினைவுக்கு வரும். 1856 முதல் 1863 வரை இன்றைய செக் நாட்டின் புருனோ நகர மடத்துத் தோட்டத்தில் அவர் ஏழு பண்புகளைப் பின்தொடர்ந்தார். இலையின் வடிவம் அந்த ஏழில் இல்லை. ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இலையைத்தான் சொல்வேன். காய் முற்றும்வரை காத்திருக்க வேண்டாம். முளைத்து இரண்டு வாரத்தில் நாற்றே பதில் சொல்லிவிடும்.

முதலில் இலையைப் படியுங்கள்

சாதாரணப் பட்டாணி இலை ஒன்றைக் கிள்ளிக் கையில் வைத்துப் பாருங்கள். தண்டை அணைத்தபடி இரண்டு இலையடிச் செதில்கள். பெயர்தான் செதில், அகலத்தில் மற்ற எதற்கும் குறைந்தவை அல்ல. அதற்கு மேலே இணை இணையாகச் சிற்றிலைகள், நுனியில் பற்றுக்கம்பிகள்.

‘அஃபிலா’ என்ற மரபணு இரண்டு பிரதியிலும் மாறியிருந்தால், சிற்றிலை வர வேண்டிய இடத்திலெல்லாம் பற்றுக்கம்பியே வரும். இலையடிச் செதில்கள் அப்படியே இருக்கும். இதுதான் ‘அரை இலையற்ற’ பட்டாணி. பக்கத்துப் பக்கத்துச் செடிகள் கம்பியால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் வயலில் சாய்வது குறைவு, காற்றோட்டம் நன்றாக இருக்கும், அறுவடை இயந்திரமும் எளிதாக ஓடும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் உலர்பட்டாணி வயல்களில் பெரும்பாலும் இந்த வகைதான்.

1970களில் இங்கிலாந்தின் நாரிச்சில் உள்ள ஜான் இன்னஸ் நிறுவனத்தில் ஸ்னோட் போன்றோர் இன்னும் ஒரு படி போய், இலையடிச் செதிலையும் சிறிதாக்கும் இன்னொரு மரபணுவைச் சேர்த்து முழு இலையற்ற செடியை ஆராய்ந்தார்கள். செடி நிமிர்ந்து நின்றது; ஆனால் ஒளியை வாங்கும் பச்சைப்பரப்பு மிகவும் குறைந்தது. வயலில் நிலைத்தது அரை இலையற்ற வகைதான். ஒரு மரபணுவோடு நிறுத்திக்கொண்ட இந்தத் தேர்வு எனக்கு இன்றும் வியப்பு.

படி 1: தாயைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

அரை இலையற்ற செடியைத் தாயாகவும் சாதாரணச் செடியைத் தந்தையாகவும் வையுங்கள். அஃபிலா ஒடுங்கு பண்பு, அதாவது இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் வெளியே தெரியும். கலப்பு வெற்றி என்றால் பிறக்கும் செடியில் சிற்றிலை இருக்கும். வெறும் கம்பியாக வந்தால் அது தாயின் சுயமகரந்தச் சேர்க்கையில் பிறந்தது, பிடுங்கிவிடலாம். தலைகீழாக வைத்தால் கலப்பில் பிறந்ததும் சுயசேர்க்கையில் பிறந்ததும் ஒரே மாதிரி தெரியும், ஏமாந்துபோவீர்கள்.

குளிர்ந்த பருவத்தில் விதையுங்கள். வெயில் ஏறினால் பூ உதிரும். தந்தையைப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை விதைத்தால் பூக்கும் காலம் பொருந்தும்.

படி 2: மொட்டைத் திறப்பது

கலப்பின் வெற்றியும் தோல்வியும் இந்த இடத்தில்தான். பட்டாணிப்பூ விரியும் முன்பே மகரந்தம் உள்ளே சிந்திவிடும். முதல் வருடம் நான் அழகாக வெளுத்த மொட்டுகளாகப் பார்த்துத் திறந்தேன், அத்தனையும் வீண். இதழ் புல்லிவட்டத்தை விட்டு லேசாக எட்டிப்பார்க்கும், இன்னும் பசுமை மாறாத மொட்டுதான் வேண்டும்.

மொட்டை இடது கை விரல்களுக்கிடையில் பிடித்து, பெரிய இதழையும் இரண்டு சிறகிதழ்களையும் மெல்ல ஒதுக்குங்கள். உள்ளே படகுபோல் சேர்ந்திருக்கும் படகிதழை ஊசியால் கீறினால் பத்து மகரந்தத் தாள்கள் தெரியும்: ஒன்பது சேர்ந்தும் ஒன்று தனித்தும். நுனி மெல்லிய இடுக்கியால் பத்தையும் எண்ணி எடுங்கள். மகரந்தப்பை வெடித்து மஞ்சள் தூள் தெரிந்தால் அந்த மொட்டை விட்டுவிடுங்கள். சூலகத்தைத் தொடாதீர்கள்.

படி 3: மகரந்தம்

தந்தைச் செடியில் அன்று விரிந்த பூவைப் பறித்து, படகிதழைப் பின்னால் அழுத்துங்கள். மகரந்தம் ஒட்டிய மயிருள்ள சூல்தண்டு வெளியே நீளும். தனித் தூரிகை தேவையில்லை. அதையே தாயின் சூல்முடியில் தடவுங்கள். இதழ்களைப் பழையபடி மூடி, நூலில் தேதியும் பெற்றோர் பெயரும் எழுதிய அட்டையைக் கட்டுங்கள். அதே கணுவில் உள்ள மற்ற பூவைக் கிள்ளிவிடுங்கள்.

படி 4: இரண்டு தலைமுறை

முதல் தலைமுறையில் எல்லாச் செடியிலும் சிற்றிலை. அவற்றைத் தானாகவே காய்க்க விட்டு, எல்லா விதைகளையும் எடுத்து விதையுங்கள். இரண்டாம் தலைமுறையில் மூன்று சிற்றிலைச் செடிக்கு ஒன்று என்ற கணக்கில் கம்பிச்செடிகள் (அரை இலையற்றவை) வரும்.

எத்தனை விதை போதும்? ஒரு செடி சிற்றிலையோடு வரும் வாய்ப்பு முக்கால். பதினொரு செடி வளர்த்தால் ஒரு கம்பிச்செடியாவது கிடைக்கும் வாய்ப்பு 95 விழுக்காட்டைத் தாண்டும். ஆனால் விகிதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நாற்பதுக்குக் குறையாதீர்கள்.

கிடைத்த கம்பிச்செடியின் இலை அன்றே நிலைத்துவிட்டது, இனி மாறாது. காய் எண்ணிக்கை, பூக்கும் நாள் போன்றவை அப்படியல்ல. ஒவ்வொரு சுயசேர்க்கையிலும் கலப்புநிலை, அதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் வேறுவேறாக இருக்கும் நிலை, பாதியாகக் குறையும். ஆறாம் தலைமுறையில் முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதுவரை நல்ல செடிகளின் விதையைத் தனித்தனியாக வைத்துப் பொறுக்க வேண்டும்.

கை பழகியபின்

கம்பியே இல்லாமல், நுனிவரை சிற்றிலையாக வரும் பட்டாணியும் உண்டு. 1911இல் பிரெஞ்சுப் பயிர்ப்பெருக்குநர் வில்மொரினும் ஆங்கிலேய மரபியலாளர் பேட்சனும் இதைக் கலந்து பார்த்தபோது, கம்பியில்லாத தன்மை சுருங்கிய விதையோடு சேர்ந்தே போவதைக் கண்டார்கள். இரண்டு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் நெருங்கி இருப்பதுதான் காரணம். அஃபிலா வேறு குரோமோசோமில்.

ஆகவே சுருங்கிய விதையுள்ள கம்பியில்லா வகையையும், உருண்டை விதையுள்ள அரை இலையற்ற வகையையும் கலந்தால், முதல் தலைமுறைச் செடியின் காய்க்குள்ளேயே உருண்டையும் சுருங்கியதும் கலந்திருக்கும். கம்பியில்லாமை, அஃபிலா என்ற இரண்டு ஒடுங்கு பண்பும் சேர்ந்த செடி இரண்டாம் தலைமுறையில் பதினாறில் ஒன்றுதான். சுருங்கிய விதைகளை மட்டும் பொறுக்கி விதைத்தால் ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் கிடைக்கும். அதன் இலை கொத்தமல்லித் தழைபோலக் கிளைகிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு நுனியிலும் குட்டிச் சிற்றிலையோடு நிற்கும்.