மஞ்சள்: நல்லது என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

மஞ்சள் தூள் பட்ட துணியில் சோப்பைத் தேய்த்ததும் கறை செக்கச்செவேலென்று மாறும். “பார்த்தீர்களா, கலப்படம்!” என்று பாக்கெட்டையே குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். பாவம், அது நல்ல மஞ்சளாகவே இருந்திருக்கும். சோப்பு, சலவை சோடா, சுண்ணாம்பு என்று காரத்தன்மை உள்ள எது பட்டாலும் மஞ்சள் சிவக்கும். அதன் குணமே அதுதான்.

உண்மையான கலப்படம் இவ்வளவு சுலபமாக மாட்டிக்கொள்ளாது. பளிச்சென்ற நிறத்துக்காகச் சிலர் சேர்க்கும் லெட் குரோமேட் என்பது ஈயம் கலந்த சாயம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. உடலில் ஈயம் இவ்வளவு இருக்கலாம் என்று ஒரு பாதுகாப்பான அளவே கிடையாது. தண்ணீரில் போட்டால் அடியில் தங்குவது சுத்தமான மஞ்சள், கரைந்து நிறம் விடுவது கலப்படம் என்பார்கள். கரையும் சாயங்களைப் பிடிக்க அது ஓரளவு உதவும். லெட் குரோமேட்டோ தண்ணீரில் கரையாது. நல்ல மஞ்சளோடு சேர்ந்து சாதுவாக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உறுதியாகச் சொல்ல ஆய்வகச் சோதனைதான் வழி. நிறத்தைப் பார்த்து வாங்குவதை விட்டாலே பாதி ஆபத்து குறையும். கிழங்காக வாங்கி அரைப்பது மேல், ஆனால் கிழங்கின் மேலேயும் சாயம் பூசுவது உண்டு. ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பதைவிட மேல்தோல் பளபளவென்று மின்னினால் வேண்டாம்.

அடுத்தது, என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு: மஞ்சளும் குர்குமின் மாத்திரையும் ஒன்றுதான் என்று நினைப்பது. மஞ்சளுக்கு அதன் நிறத்தைத் தருவதுதான் குர்குமின்; மஞ்சள் தூளில் அது ஏறக்குறைய 3 சதவீதம்தான். ஒரு டீஸ்பூன் தூள் சுமார் 3 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் 90 மில்லிகிராம் குர்குமின் இருக்கும். கடையில் கிடைக்கும் 500 மில்லிகிராம் மாத்திரைகள் பலவற்றில் 95 சதவீதம் வரை குர்குமின் வகைப் பொருள்களே. அதாவது ஒரே மாத்திரையில் ஐந்து டீஸ்பூன் மஞ்சளின் சத்து. சமையலில் யாராவது ஒரே நாளில் தனி ஆளாக ஐந்து டீஸ்பூன் சாப்பிடுவார்களா? உணவில் சேர்க்கும் நிறமியாகக் குர்குமினுக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு வைத்திருக்கும் தினசரி வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 180. மாத்திரை ஒன்றிலேயே அதைத் தாண்டிவிடுகிறோம்.

“தாண்டினால் என்ன, இயற்கைதானே” என்பவர்கள் கல்லீரலை நினைத்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. அவர்களில் பலர் சாப்பிட்டது, மிளகுக்குக் காரம் தரும் பைப்பரின் என்ற பொருளைச் சேர்த்த வகை. குர்குமின் தனியாக உடலில் சரியாக ஏறாது. பைப்பரின் சேர்த்தால் சுமார் 20 மடங்கு ஏறுகிறது என்று 1998இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. எல்லோரும் அதையே விளம்பரமாக்கிவிட்டார்கள். பைப்பரின் வேறு மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், பித்தப்பையில் கல் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள் எல்லாம் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளைத் தொடக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் தூளைக்கூட அளவாகச் சேர்ப்பது நல்லது, அதில் கல் உருவாக வழிசெய்யும் ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிறது.

சரி, சமையலுக்கு வருவோம். காலையில் வெந்நீரில் மஞ்சளைக் கலக்கிக் குடிப்பவர்கள் அந்த டம்ளரை இரண்டு நிமிடம் அப்படியே வைத்துப் பார்க்கட்டும். மேலே வெளிறிய நீர், அடியில் சேறு மாதிரி தூள். குர்குமின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். எண்ணெயில் வதங்கி, மிளகோடு சேர்ந்து குழம்பில் வருகிற ஒரு சிட்டிகைதான் அந்த டம்ளரைவிட உருப்படி. ஆனால் கொதிக்கும் எண்ணெயில் நேராகக் கொட்டினால் நொடியில் கருகிக் கசக்கும். வெங்காயம் வதங்கி ஈரம் விட்ட பிறகு, தீயைக் குறைத்துப் போடுங்கள்.

வெட்டுக்காயத்தில் மஞ்சளை அப்புகிற பழக்கம் இன்னும் போகவில்லை. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்று 1995இல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்தார்கள். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு எதிர்த்ததும் 1997இல் ரத்தானது. காலங்காலமாகத் தெரிந்த விஷயம், புதிய கண்டுபிடிப்பல்ல என்பதுதான் ரத்துக்குக் காரணம். பழைய வழக்கம் என்று நிரூபிப்பது வேறு, பாதுகாப்பானது என்று நிரூபிப்பது வேறு. மண்ணுக்கடியில் விளைந்து, காய்ந்து, அரைபட்டு, பல கை மாறி வந்த தூளில் கிருமிகள் இருக்கும். காயத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவிக் கட்டுப்போடுங்கள். பிறந்த குழந்தையின் தொப்புளில் மட்டும் தயவுசெய்து வைத்துவிடாதீர்கள்.

முகத்தில் பூசுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும், ஆகவே முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

அப்புறம், தூள் பாட்டிலை ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். வெயில் பட்டால் குர்குமின் சிதைந்து நிறம் மங்கும். ஆவி பறக்கும் பாத்திரத்தின் மேல் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினால் ஈரம் ஏறிக் கட்டி கட்டும். வெயிலின் இந்தக் குணத்தை வேறிடத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம். சோப்புப் பட்டுச் சிவந்த அந்தத் துணியை நன்றாக அலசி, ஈரத்தோடு நல்ல வெயிலில் விரித்துப் போடுங்கள். ஓரிரு நாளில் கறை தானாக வெளுத்துவிடும்.