வேதியியல் ஆசிரியராக விரும்புகிறீர்களா? பட்டம் முதல் வகுப்பறை வரை

வேதியியல் பட்டம் பெற்று, தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆசிரியராக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விண்ணப்பம் நிரப்புவது, கட்டணம் செலுத்துவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை உங்களுக்கே தெரியும்.

படி 1: எந்த வகுப்புக்கு?

பத்தாம் வகுப்பு வரை வேதியியல் தனிப் பாடமன்று, அறிவியலுக்குள் அடங்கியது. அதை நடத்துபவர் பட்டதாரி ஆசிரியர். இளங்கலைப் பட்டமும் பி.எட். பட்டமும் வேண்டும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர், எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும். இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் பட்டத்தின் பெயர் ‘வேதியியல்’ என்று மட்டும் இல்லாமல் ‘பயன்பாட்டு வேதியியல்’, ‘தொழில் வேதியியல்’ என்று இருந்தால், அதற்கு இணைத்தன்மை அரசாணை (அது வேதியியல் பட்டத்துக்கு ஈடானது என்னும் அரசு உத்தரவு) உண்டா என்று இன்றே தேடுங்கள். தேர்வில் வென்றபின் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் நின்று தேடும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

படி 2: பி.எட்.

இரண்டு ஆண்டுப் படிப்பு. முடிந்தால் எம்.எஸ்சி. முடித்தபின் சேருங்கள் என்பது என் கருத்து. பாடம் கைவசமாகிவிட்டால், பயிற்சிக் காலம் முழுவதையும் ‘எப்படிச் சொல்வது’ என்பதற்கே கொடுக்கலாம்.

படி 3: பள்ளிப் பயிற்சியில் மோல் பாடம்

இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் இருப்பீர்கள். வழிகாட்டி ஆசிரியர் எளிய பாடத்தைக் கொடுக்க முன்வந்தாலும், மோல் பாடத்தைக் கேட்டு வாங்குங்கள். என்னை மிகவும் திணறவைத்தது இதுதான். மாணவர்கள் சூத்திரத்தில் எண்களைப் போட்டுச் சரியான விடை எழுதிவிடுவார்கள். ‘மோல் என்றால் என்ன?’ என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும்.

இப்போது நான் செய்யும் முறை இது. ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கையான 6.022 × 10²³ என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே பொருள்களை மேசைமேல் வைத்துவிடுவேன்: 18 கிராம் தண்ணீர், 58.5 கிராம் உப்பு, 342 கிராம் சர்க்கரை, 56 கிராம் இரும்பு ஆணி. ஒவ்வொன்றும் ஒரு மோல். அவற்றை மாணவர்களே தராசில் எடைபோடட்டும். ஒரு டஜன் எலுமிச்சையும் ஒரு டஜன் பூசணியும் எண்ணிக்கையில் ஒன்று, எடையில் வேறு என்பதை அப்போது சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். அதன்பின் திருப்பிக் கேளுங்கள்: 9 கிராம் தண்ணீரில் எத்தனை மோல்? சூத்திரம் இல்லாமலே ‘அரை’ என்று விடை வரும். சூத்திரத்தை அதற்குப் பிறகு எழுதினால் போதும்.

ஒன்றில் கவனம் வேண்டும். உப்பைப் பற்றிப் பேசும்போது ‘மூலக்கூறு’ என்று சொல்லாதீர்கள். அது அயனிச் சேர்மம். பத்தாம் வகுப்பில் அவசரத்தில் விழுந்த சொல்லைப் பதினொன்றாம் வகுப்பில் பிடுங்கி எறிவது பெரும்பாடு.

படி 4: ஆய்வகம்

நாளை செய்துகாட்டப் போகும் சோதனையை இன்று நீங்களே, அதே வேதிப்பொருள்களைக் கொண்டு, ஒருமுறை செய்து பாருங்கள். பெர்மாங்கனேட்–ஆக்சாலிக் அமிலத் தரம்பார்த்தலில் கூம்புக் குடுவையை 60–70 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்ற வேண்டும். இல்லாவிட்டால் முதலில் விடும் துளிகளின் நிறம் மறையாமல் நிற்கும், மாணவர்கள் அதையே முடிவுநிலை என்று எழுதிவிடுவார்கள். நீர்த்த கந்தக அமிலத்தையே சேர்க்கச் சொல்லுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் பெர்மாங்கனேட் அதையும் ஆக்சிஜனேற்றிக் குளோரினாக்கும், அளவு தவறிவிடும். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், ஒருபோதும் மாற்றியன்று. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கணினியில் பார்க்கும் மெய்நிகர் ஆய்வகங்கள் திருப்புதலுக்கு நல்லவை. பியூரெட் திருகைப் பிடித்துப் பழகிய கைக்கு அவை ஈடாகாது. கருவி குறைவாக இருந்தால் குழுவைச் சிறிதாக்கி இரண்டு பாடவேளைகளில் நடத்துங்கள்.

(இந்தப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு பயிற்சி ஆசிரியை, பெர்மாங்கனேட்டில் பிறையின் (பியூரெட்டுக்குள் கரைசலின் மேற்பரப்பு வளைந்து நிற்பது) அடிமட்டம் தெரியவில்லையே என்று கேட்டிருந்தார். அடர்நிறக் கரைசலுக்கு மேல்மட்டத்தைப் பாருங்கள். தொடக்க அளவையும் இறுதி அளவையும் ஒரே முறையில் எடுத்தால் சரியாகிவிடும்.)

படி 5: தேர்வுகள்

பட்டதாரி ஆசிரியருக்கு ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) இரண்டாம் தாள்: 150 வினாக்கள், அதில் கணிதமும் அறிவியலும் 60. வேதியியல் மட்டும் படித்துப் போனால் போதாது; உயிரியலையும் கணக்கையும் தொட்டே ஆக வேண்டும். முதுகலை ஆசிரியர் தேர்வில் பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. இவற்றோடு கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் உண்டு. அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் முதன்மைத் தாள் திருத்தப்படாது. வேதியியலில் வல்லவர்கள் தமிழ்த் தாளில் நின்றுபோவதைக் காண மனம் பொறுக்கவில்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இப்போதே எடுத்துவையுங்கள். சந்தை வழிகாட்டிகளைவிடப் பள்ளிப் பாடநூல்களையே நான் பரிந்துரைப்பேன். நாளை அவற்றைத்தானே நடத்தப் போகிறீர்கள்.

பின்சேர்க்கை

தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு ஒதுக்கீடு பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். பட்டம் மட்டும் தமிழ்வழியாக இருந்தால் போதாது. 2020இல் திருத்தப்பட்ட சட்டப்படி பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருந்திருக்க வேண்டும். நீங்கள் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் தனித்தனியாகச் சான்று வாங்க வேண்டும். தேர்வு அறிவிப்பு வந்தபின் அலைந்தால் நாள் போதாது; பி.எட். விடுமுறையிலேயே தொடக்கப் பள்ளியிலிருந்து ஆரம்பியுங்கள்.