மஸ்டாங் 8.8 டிஃபரென்ஷியலை 31 ஸ்ப்ளைனுக்கு மாற்றிய கதை

என் 1990 மஸ்டாங் ஜிடி கம்பெனியிலிருந்து வரும்போது 225 குதிரைத்திறன். டர்போ போட்டபின் கிட்டத்தட்ட இரட்டிப்பு. டிராக் ஸ்ட்ரிப்பில் (நேர்கோட்டுப் பந்தயப் பாதை) மூன்றாவது ஓட்டத்தில் கிளட்சை விட்டதும் பின்னால் 'டக்' என்றது. டிஃபரென்ஷியலை, அதாவது எஞ்சின் விசையைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துத் தரும் பகுதியை, பிரித்துப் பார்த்தால் அதற்குள் செருகும் ஆக்சில் முனையின் ஸ்ப்ளைன் பற்கள் முறுக்கு பிழிந்த மாதிரி சுற்றியிருந்தன. கிரவுனுக்கும் (பெரிய வளையக் கியர்) அதைச் சுற்றும் சிறிய கியரான பினியனுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. 8.8 அங்குல விட்டமுள்ள கிரவுன் தாங்கும், 28 ஸ்ப்ளைன் (28 பல்) ஆக்சில்தான் தாங்காது.

வாங்குவது. 31 ஸ்ப்ளைன் ஆக்சில் மட்டும் வாங்கினால் போதாது, டிஃபரென்ஷியலும் 31 ஸ்ப்ளைனாக இருக்க வேண்டும். நான் போட்டது ஈட்டன் ட்ரூட்ராக். உள்ளே கிளட்ச் தட்டு கிடையாது, எல்லாம் கியர், தேய்வதற்கு ஒன்றுமில்லை. தெருவில் ஓட்டும் வண்டிக்கு ஸ்பூல் வேண்டவே வேண்டாம், அது இரண்டு சக்கரத்தையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும், ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் அழும்.

கழற்றுவது. ஆயிலை வடித்து, மூடியைத் திறந்து, குறுக்கு பின்னைப் பூட்டும் போல்ட்டை எடுங்கள். அது சட்டென்று ஒடியும், கொஞ்சம் சூடு காட்டிவிட்டு ஆறு மூலை சாக்கெட் போடுங்கள். குறுக்கு பின்னை உருவியதும் ஆக்சிலை உள்ளே தள்ளினால் அதைப் பிடித்துவைத்திருக்கும் சி-கிளிப் (C வடிவ வளையம்) விழும், அப்புறம் வெளியே உருவலாம். பேரிங் மூடிகளில் இடம் வலம் பஞ்ச் குத்தி வையுங்கள். ஷிம்களும் (இடைவெளியைச் சரிசெய்யும் தகடுகள்) எந்தப் பக்கத்தில் இருந்தனவோ அதன்படியே தனித்தனியாக.

பினியன். கியர் விகிதத்தை மாற்றாதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். நான் 2.73-லிருந்து 3.55-க்குப் போனேன், இங்கேதான் மாட்டினேன். இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே க்ரஷ் ஸ்லீவ் என்று ஒரு குழாய் உண்டு, நட்டை முறுக்க முறுக்க அது நசுங்கி பேரிங்குக்கு இறுக்கம் கொடுக்கும். புது பேரிங் என்றால் பினியன் சுழலும்போது 16 முதல் 29 அங்குல-பவுண்டு காட்ட வேண்டும், அதுவும் டிஃபரென்ஷியலை உள்ளே வைக்கும் முன்பு. ஆட்டம் போகும்வரை அந்த எண் ஏறவே ஏறாது. நான் நான்கு அடி கம்பியை வைத்துத் தொங்கிக்கொண்டிருந்தேன், ஆட்டம் போனதும் ஒரு இழுப்புக்கு 10, அடுத்த இழுப்புக்கு 35. நட்டைத் தளர்த்தினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகாது, நசுங்கினது நசுங்கினதுதான், புது ஸ்லீவ் போட வேண்டும். அப்படி இரண்டு ஸ்லீவ் போனது. மூன்றாவதுக்குப் பதில் சாலிட் ஸ்பேசர் (நசுங்காத குழாய்) வாங்கினேன். ஷிம் சேர்த்தால் இறுக்கம் குறையும், எடுத்தால் கூடும், நட்டை முழு முறுக்கில் விட்டு நிதானமாகப் பார்க்கலாம். நாலைந்து முறை பிரித்துப் போட வேண்டியிருந்தது, ஒரு மாலை முழுக்கப் போனது, ஆனால் நிம்மதி.

இந்த இறுக்கத்தை அளக்க 'க்ளிக்' ரென்ச் உதவாது, சுழலும்போதே எண் காட்டும் முள் வைத்த ரென்ச் தேவை. இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

கிரவுன். ஊரில் கிரவுன் என்போம், இங்கே ரிங் கியர். புது போல்ட், சிவப்பு லாக்டைட், 70 முதல் 85 அடி-பவுண்டு. டயல் கேஜில் பல் இடைவெளி 0.008 முதல் 0.015 அங்குலத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் ஒரு பக்கத்து ஷிம்மில் குறைத்ததை மறு பக்கத்தில் கூட்டுங்கள், மொத்தக் கனம் மாறக்கூடாது. பல்லில் மஞ்சள் பெயின்ட் பூசிச் சுற்றிப் பாருங்கள், தடம் பல்லின் நடுவில் விழுந்தால் சரி.

ட்ரூட்ராக்குக்கு மினரல் ஆயில்தான், ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் (கிளட்ச் தட்டுகளின் உராய்வை மாற்றும் கலவை) ஊற்றக் கூடாது. கிளட்ச் தட்டு உள்ள பழைய டிராக்‌ஷன்-லாக் வைத்திருப்பவர்கள் கட்டாயம் ஊற்ற வேண்டும். முதல் ஓட்டம் 20 நிமிடம் மெதுவாக, பிறகு ஆற விடுங்கள். 500 மைலில் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை: ஐந்து போல்ட் சக்கரம் வேண்டுமென்று 1994-98 மஸ்டாங்கின் ஆக்சிலை வாங்கிய ஒருவர், டயர் ஃபெண்டரில் உரசுகிறது என்று எழுதியிருக்கிறார். அது ஒவ்வொரு பக்கமும் முக்கால் அங்குலம் நீளம் அண்ணே, நான்தான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இன்னொன்று: ஸ்லிக் டயர் (வரிகள் இல்லாத பந்தய டயர்) போட்டு வண்டியைச் சீறிக் கிளப்புபவர்களுக்கு, ஆக்சில் குழாய் நடு வார்ப்பில் அழுத்திச் செருகி சில இடங்களில் மட்டும் வெல்ட் வைத்தது, முறுக்கில் சுழன்றுவிடும். சுற்றி வெல்ட் வைக்கச் சொல்லுங்கள். வார்ப்பிரும்பு என்பதால் முன்சூடும் நிக்கல் ராடும் தெரிந்தவரிடம் மட்டும். என்னுடையதை நான் இன்னும் செய்யவில்லை, குழாயும் வார்ப்பும் சேரும் இடத்தில் ஒரு கோடு கிழித்து வைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கீழே படுத்து அது நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.