நிலநடுக்க முகாமுக்கு மருத்துவத் தொண்டுக்குப் போகிறவர்களுக்கு

2025 மார்ச் 28-இல் மியான்மரின் சகாயிங், மண்டலே பக்கம் 7.7 அளவில் பூமி அதிர்ந்த பிறகு, யாங்கோனிலிருந்து கோயில் குழுவோடு போனேன். அன்னதானம் போல இதுவும் சாமி காரியம்தான். கொளுத்தும் வெயிலில் அதிகம் தேவைப்பட்டது உப்பு சர்க்கரைக் கரைசல். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும். குடித்துப் பாருங்கள், கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிடுங்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

அப்புறம், மாத்திரைக் கவரில் பர்மிய எழுத்தோடு சூரியன், நிலா வரைந்து கொடுங்கள். இடிபாட்டில் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்த ஒரு பாட்டி நிலாப் படத்தை உற்றுப் பார்த்து, “இது ராத்திரிக்கு, சரியா?” என்றார். திருநீறு கேட்டால் நெற்றியில் பூசுங்கள், புண்ணில் வைக்க விடாதீர்கள். ஆணி கிழித்த சின்னக் காயமானாலும் நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசிக்கு அனுப்புங்கள்.