அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏறும் எடை: டயட்டில் இருப்பவர்கள் அந்த ஆறு வாரங்களைக் கடப்பது எப்படி

கருப்பையில் வளர்ந்திருந்த நார்க்கட்டிகளை அகற்ற வேண்டும், அதற்கு முன் உடல் எடையைச் சற்றுக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று மருத்துவர் சொன்னதால், ஏழு மாதம் பாடுபட்டு 168 பவுண்டிலிருந்து 151 பவுண்டுக்கு இறங்கியிருந்தேன். தேநீரில் கெட்டிப்பாலை நிறுத்தினேன், இரவில் சோற்றை நிறுத்தினேன், கோயில் அன்னதானத்தில்கூட அரை வயிற்றோடு எழுந்தேன். வயிற்றைத் திறந்து செய்த அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள் யாங்கோனில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பி எடை பார்த்தபோது, மெஷின் 158 காட்டியது. ஏழு பவுண்டு கூடியிருந்தது. நம் ஊர்க் கணக்கில் இரண்டு வீசைக்குச் சற்றுக் குறைவு. அந்த அதிர்ச்சியில் அடுத்த நான்கு நாட்கள் மிளகு ரசமும் கஞ்சித் தண்ணீரும் மட்டுமே குடித்தேன். எடை குறையவில்லை; எழுந்து நின்றால் தலை சுற்றியது. தையல் பார்க்கச் சென்ற அன்று மருத்துவர், ஏறியிருப்பது தண்ணீர், அதைப் பட்டினியால் விரட்ட முடியாது, இப்படியே இருந்தால் புண்தான் ஆறாது என்று தெளிவாகச் சொன்னார். அவர் சொன்னதையும், அதன் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும், இதே நிலையில் இருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு பவுண்டு கொழுப்பு உடலில் சேர ஏறத்தாழ 3500 கலோரி தேவைக்கு மேல் மிஞ்ச வேண்டும். ஏழு பவுண்டுக்கு 24,500 கலோரி. மருத்துவமனையில் ஐந்து நாட்கள் கஞ்சியும் இட்லியும் உண்ட உடலில், அன்றாடத் தேவை போக நாளொன்றுக்கு ஏறக்குறைய 5000 கலோரி மிஞ்சியிருக்க வழியே இல்லை. டிரிப்பில் ஏற்றும் குளுக்கோஸ்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். வழக்கமான ஐந்து சதவீதக் குளுக்கோஸ் பாட்டில் ஒரு லிட்டரில் 50 கிராம் சர்க்கரைதான் உள்ளது, அது 200 கலோரிகூட இல்லை.

அப்படியானால் அந்த எடை எங்கிருந்து வந்தது? ஒரு லிட்டர் சலைன் ஏற்றினால் ஒரு கிலோ, அதாவது 2.2 பவுண்டு, அப்போதே உடலுக்குள் போகிறது. அந்த ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது, ஒரே பாட்டிலில் ஏறத்தாழ இரண்டு நாள் உப்பு சேர்ந்துவிடுகிறது. சாதாரண நாளாக இருந்தால் சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். ஆனால் கத்தி பட்ட உடல், இரத்தம் இழந்து ஆபத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, நீரையும் உப்பையும் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கிறது. அதே வேளையில், காயத்தைச் சுற்றியுள்ள மயிரிழை போன்ற இரத்தக்குழாய்கள் நெகிழ்ந்து, உள்ளே இருக்கும் நீரைத் திசுக்களுக்குள் கசியவிடுகின்றன. கால் வீங்குவதும், முகம் உப்புவதும், மோதிரம் கழற்ற முடியாமல் இறுகுவதும் இதனால்தான். பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று நாட்களில் இந்தப் பிடி தளர்ந்து சிறுநீர் நிறையப் பிரியத் தொடங்கும். இரண்டு வாரத்துக்குள் பெரும் பகுதி வடிந்துவிடும். பெரிய அறுவைச் சிகிச்சையானால் இன்னும் தாமதமாகலாம். மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கு முழங்காலில் மட்டும் சிறு வீக்கம் சில மாதங்கள்கூட நிற்கும்.

டயட்டில் இருந்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சோறு, ரொட்டியைக் குறைத்து எடை இறக்கியவர்களின் தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் கிளைகோஜன் என்னும் சேமிப்பு மாவுச்சத்து வற்றியிருக்கும். கஞ்சி குடிக்கத் தொடங்கியதும் அது நிரம்புகிறது. அப்போது ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. இதிலேயே மூன்று நான்கு பவுண்டு கூடலாம். இது உடல் பழைய நிலைக்கு மீளும் வழிதான், டயட் வீணாகிவிட்டது என்பதற்கான அடையாளம் அன்று. மயக்க மருந்தாலும், வலிக்காகத் தரும் ஓபியாய்டு வகை மருந்துகளாலும் ஏற்படும் மலச்சிக்கலையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலினும், இரத்த அழுத்தத்துக்கு நம்மில் பலர் உண்ணும் அம்லோடிபினும் கணுக்காலை வீங்கவைக்கும். இவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பட்டியலை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி செய்ய வேண்டியவை. இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோய் இல்லாதவரும், தினமும் எடை பார்க்கும்படி மருத்துவர் சொல்லாதவருமானால், முதல் இரண்டு வாரம் அந்த மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். அந்த நாட்களில் அது காட்டும் எண் உங்கள் டயட்டைப் பற்றி எதையும் சொல்லாது. மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை, காலையில் கழிவறை சென்று வந்த பின், ஒன்றும் உண்ணாமல், ஒரே வகை உடையில், ஒரே மெஷினில் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

உணவைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நான் தவறியது அதில்தான். கிளாஸ்கோ நகரில் டேவிட் கத்பர்ட்சன் என்பவர் 1930-களில் எலும்பு முறிந்த நோயாளிகளை ஆராய்ந்து, காயம்பட்ட உடல் தன் தசையையே கரைத்துச் அந்தப் புரதத்தில் உள்ள நைட்ரஜனைச் சிறுநீர் வழியாக இழக்கிறது என்று கண்டறிந்தார். அறுவைச் சிகிச்சையும் காயமே. அந்த நேரத்தில் வயிற்றையும் கட்டினால் தசை இரு பக்கமும் கரைகிறது. எடை மெஷின் குறைத்துக் காட்டலாம், ஆனால் போவது கொழுப்பு மட்டுமன்று. ஆகவே புண் ஆறும் வரை கலோரியைக் குறைக்காமல், புரதத்தைக் கூட்ட வேண்டும். சிறுநீரக நோய் இல்லாதவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 154 பவுண்டு, அதாவது 70 கிலோ இருப்பவருக்கு நாளொன்றுக்கு 84 முதல் 105 கிராம் வரை வரும். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த மீன் நூறு கிராமில் ஏறத்தாழ 20 கிராம் என்று கணக்கிட்டால், இது எளிதில் எட்டும் அளவன்று என்பது புரியும். நம் வீடுகளில் கொடுக்கும் விரால் மீன் சாறும், கெட்டிப் பருப்பும், பர்மியர்கள் காலையில் ‘நான்’ ரொட்டியுடன் உண்ணும் அவித்த பட்டாணியும், கடலைமாவில் செய்யும் ஷான் தோஃபுவும் இதற்கு நன்றாகப் பயன்படும். பத்தியம் என்ற பெயரில் பெரியவர்கள் மிளகையும் பூண்டையும் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் புண் சீழ் வைக்கும் என்று முட்டை, மீன், பருப்பு மூன்றையும் விலக்கச் சொன்னால், அத்தை, டாக்டர் இவற்றைக் கட்டாயம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்று பணிவாக மறுத்துவிடுங்கள்.

குறைக்க வேண்டியது சோற்றை அன்று, உப்பை. இந்த நாட்டில் அது கடினம்தான். சமையலில் ஊற்றும் பாட்டில் மீன் சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே 3 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. நாப்பி என்னும் புளித்த மீன் விழுது, கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் நூடுல்ஸ், எல்லாக் கடைகளிலும் தாராளமாகத் தூவும் அஜினமோட்டோ ஆகியவை அதன் மேல் சேர்கின்றன. மீன் குழம்பு நூடுல்ஸான மொயிங்காவும், நூடுல்ஸ் கலவையான அத்தோவும் ஒரு மாதம் காத்திருக்கட்டும். வீட்டில் சமைத்ததை எலுமிச்சை, புளி, கொத்தமல்லியின் துணையோடு உப்புக் குறைவாக உண்ணுங்கள். வீக்கம் என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். மருத்துவர் அளவு விதித்திருந்தால் தவிர, தாகத்துக்குக் குடியுங்கள். பப்பாளியும் கீரையும் மலச்சிக்கலை நீக்கும்.

மருந்துக்கடையில், சிறுநீரைப் பெருக்கும் நீர் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது மிகவும் ஆபத்தானது. லாசிக்ஸ் போன்றவை ஒரே இரவில் மூன்று பவுண்டு இறக்கிக் காட்டும். அதனுடன் பொட்டாசியத்தையும் இழுத்துச் சென்று இதயத் துடிப்பைக் குலைக்கவும் கூடும். எடை இறங்கவென்று குடிக்கும் பேதி மூலிகைத் தேநீரையும் அதே காரணத்துக்காகத் தொடாதீர்கள்.

மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து சிறிது சிறிதாக நடங்கள். படுத்திருக்கும்போது கால்களைத் தலையணை மேல் இதயத்துக்குச் சற்று உயரமாக வைத்து, பாதங்களை மேலும் கீழும் அசையுங்கள். சித்திரை வெயிலில் கால் வீக்கம் கூடுதலாகத் தெரியும். வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆறு வாரத்துக்கு மூன்று வீசை அரிசிப் பையைக்கூடத் தூக்கக் கூடாது. வயிறு இறுக வேண்டும் என்ற ஆசையில் உடற்பயிற்சி செய்யவும் கூடாது.

இத்தனைக்கும் ஒரு விலக்கு உண்டு, அதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்தால், இரத்தம் உறைந்திருக்கலாம். அப்போதும், மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால், படுத்தால் மூச்சு முட்டினால், சிறுநீர் மிகவும் குறைந்தால், வயிறு கல்லாக உப்பி வாந்தி எடுத்தால், காய்ச்சலோடு தையல் சிவந்து கசிந்தால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீடு திரும்பிய பிறகும் எடை நாள்தோறும் ஏறிக்கொண்டே போனாலும் மருத்துவரைப் பாருங்கள்; இதய நோய் உள்ளவர்கள் ஒரே நாளில் 2 அல்லது 3 பவுண்டும், ஒரு வாரத்தில் 5 பவுண்டும் ஏறினால் உடனே தெரிவிக்க வேண்டும்.

நலம் விசாரிக்க வருபவர்கள், தடித்துவிட்டாயே என்பார்கள். மருந்து நீர், வடிந்துவிடும் என்ற ஒரு வரிக்கு மேல் நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

புண் மூடி, வலி மாத்திரை நின்று, பசியும் மலமும் சீரான பிறகு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு டயட்டைத் திரும்பத் தொடங்கலாம். பலருக்கு இது நான்கு முதல் ஆறு வாரத்தில் அமையும். தொடங்கும்போது நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி வரை குறைத்தால் போதும். வேகமாக எடையை இறக்குவது பித்தப்பையில் கல் உருவாகவும் வழி செய்யும். இன்னொரு அறுவைச் சிகிச்சையை நாமே தேடிக்கொள்ள வேண்டாம். என் நோட்டில் மூன்றாம் வாரத் தொடக்கத்தில் 154, நான்காம் வாரத்தில் 151, ஆறாம் வாரத்தில் 150 என்று இருக்கிறது. அந்த நாட்களில் நான் தினமும் இரண்டு வேளை சோறு உண்டேன்.