ஐஸ் பழக்கமும் காமமும்: நான் முடிச்சை அவிழ்த்த விதம்

மெத்தாம்பெட்டமின் என்னும் ஐஸை நான்கு ஆண்டுகள் புகைத்த நான், மூன்று முறை நிறுத்தியும் மீண்டும் விழுந்ததற்குக் காரணம், அந்தப் போதையையும் உடலுறவையும் என் மூளை ஒன்றோடொன்று பிணைத்துப் பழகியிருந்ததுதான். முதலில் தங்கிய மறுவாழ்வு இல்லத்தில் இதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வெட்கத்தால் நானும் சொல்லவில்லை.

பிறகு சந்தித்த ஆலோசகர், ஒவ்வொரு சறுக்கலுக்கும் முந்தைய ஆறு மணி நேரத்தை எழுதிவரச் சொன்னார். எழுதிப் பார்த்தபோது, மூன்றிலும் முதலில் எழுந்தது போதைமீதான ஏக்கம் அன்று, சனிக்கிழமை இரவின் தனிமையும் காம இச்சையும், அவற்றைத் தொடர்ந்து கைபேசியில் திறந்த டேட்டிங் செயலியுமே என்பது தெளிவாயிற்று. ஐஸ் மூளையில் இன்பத்தோடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய வேதிப்பொருளான டோபமைனை இயல்பான இன்பங்கள் எட்டாத அளவுக்குப் பெருக்குவதால், நாளடைவில் காமமே போதைக்கு அழைக்கும் தூண்டுதலாகிவிடுகிறது என்று அவர் விளக்கினார்.

செயலிகளை நீக்கினேன், பழைய எண்களை அழித்தேன், சனிக்கிழமை இரவுகளை அக்கா வீட்டில் கழித்தேன், 90 நாள்கள் உடலுறவைத் தவிர்த்தேன். போதையில் ஆணுறையைப் பலமுறை மறந்திருந்ததால், எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகளையும் செய்துகொண்டேன்.

இரண்டாம் மாதமே மிகக் கொடியது. உணவும் இசையும் சுவைக்கவில்லை. ஆசையே இனித் திரும்பாதோ என்று அஞ்சி அழுதேன். மூளை ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதை ஆலோசகர் முன்கூட்டியே சொல்லியிருந்ததுதான் அந்த நாள்களில் என்னைத் தாங்கியது.

ஏழாம் மாதம், புதிதாகப் பழகிய துணையின் அருகில் இருந்தபோது ஐஸின் நினைவு எழுந்தது. அதை அவளிடம் அப்போதே சொன்னேன். சிறிது நேரத்தில் அது அடங்கியது.