எச்.பி.ஆர்.டி. நொதி இல்லாத செல்களைப் பிரித்தெடுப்பது எப்படி?

டி.என்.ஏ. கட்டத் தேவையான பியூரின் செல்லுக்குக் கிடைக்க இரண்டு வழி உண்டு: சின்ன மூலக்கூறுகளிலிருந்து புதிதாகக் கட்டலாம், அல்லது சிதைவில் மிஞ்சிய ஹைப்போசாந்தீன், குவானின் என்ற பியூரின்களை மீட்டுக்கொள்ளலாம். மீட்பு வேலை எச்.பி.ஆர்.டி. நொதியுடையது. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. செல்லில் இயங்கும் பிரதி ஒன்றுதான், அது கெட்டால் போதும்.

முதலில், ஏற்கெனவே நொதியை இழந்த செல்களைக் களையுங்கள். ஹைப்போசாந்தீன், அமினோப்டெரின், தைமிடின் மூன்றும் சேர்ந்த ஹாட் (HAT) ஊடகத்தில் சில நாள் வளர்த்தால் அவை செத்துவிடும், காரணம் கீழே வரும். அப்புறம் அமினோப்டெரின் இல்லாத ஊடகத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்து, மியூட்டேஷன் (மரபணு மாற்றம்) தூண்டும் பொருளைக் கொடுத்துக் கழுவிவிட்டு, காத்திருங்கள். எல்லாரும் அவசரப்படுவது இங்கேதான், நானும் அவசரப்பட்டு 2 நாளில் நொதியுள்ள செல்களைக் கொல்லும் மருந்தைப் போட்டுக் காலித் தட்டுகளைத்தான் பார்த்தேன். மரபணு உடைந்தாலும் பழைய நொதி செல்லுக்குள் இருக்கிறதே, செல்கள் பலமுறை பிரிந்து அது நீர்த்துப்போக ஒரு வாரமாவது வேண்டும்.

சரி, இப்போது அந்த மருந்து, 6-தயோகுவானின். ஒரு மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வழக்கமான அளவு. நொதி உள்ள செல் இதைக் குவானின் என்று நம்பி நியூக்ளியோடைடாக்கி (டி.என்.ஏ.வின் கட்டுமான அலகாக்கி) டி.என்.ஏ.வில் சேர்த்துக்கொண்டு சாகும், நொதி இல்லாதது தப்பிக்கும். டயலைஸ் செய்த (சின்ன மூலக்கூறுகளை வடித்தெடுத்த) சீரமே போடுங்கள், சாதா சீரத்திலுள்ள ஹைப்போசாந்தீன் மருந்தோடு போட்டி போடும். செல்களை நெருக்கமாகவும் விதைக்காதீர்கள். சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல் என்றால் 10 செ.மீ. தட்டுக்கு 2 லட்சம் போதும். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சாதாரணச் செல் தயாரித்த நச்சு நியூக்ளியோடைடு, செல்களை இணைக்கும் நுண்வழிகளான இடைவெளிச் சந்திப்புகள் வழியே பக்கத்து மியூட்டன்ட்டுக்குள் (மரபணு கெட்ட செல்லுக்குள்) போய் அதையும் கொன்றுவிடும். சில நாளில் பெரும்பாலானவை உருண்டு மிதக்கும், வெறுமையான தட்டில் அங்கங்கே கெட்டியாக ஒட்டிய திட்டுகள் தெரியும். அவைதான் நமக்கு வேண்டியவை.

ஒவ்வொரு திட்டையும் தனியே வளர்த்து, ஒரு பகுதியை ஹாட் ஊடகத்தில் போடுங்கள். அமினோப்டெரின் புதிதாகக் கட்டும் வழியை அடைக்கும், மீட்பு வழியும் இல்லாததால் உண்மையான மியூட்டன்ட் சாகும். பிழைத்தால் அது வேறு ஏதோ.

கடைசியாக, மியூட்டன்ட்டுக்குக் கதிரியக்கக் குறியிட்ட ஹைப்போசாந்தீன் கொடுத்தால் அது நியூக்ளியோடைடில் ஏறக்குறைய சேரவே சேராது. புதிதாகக் கட்டும் வழியில் சேரும் சின்ன மூலக்கூறான ஃபார்மேட்டைக் குறியிட்டுக் கொடுத்தாலோ புதிய பியூரின் வழக்கத்தைவிட அதிகம் உருவாவது தெரியும், ஏனென்றால் இரண்டு வழிக்கும் வேண்டிய பி.ஆர்.பி.பி. என்ற சர்க்கரைப் பாஸ்பேட் மீட்புக்குச் செலவாகாமல் தேங்கி அந்த வழியை முடுக்குகிறது. பிறவியிலேயே இந்த நொதி இல்லாத லெஷ்-நைஹன் நோயுள்ள குழந்தைகளின் உடலில் யூரிக் அமிலம் குவிவதும் இதே காரணத்தால்தான். 1967-இல் அவர்களின் செல்களில் இந்த நொதி இல்லாததைக் கண்டுபிடித்தார்கள்.